சீனி முட்டைக்குள்ளே ஒரு வசந்தம்

பெத்லகேம் என்றதும் யூதேயா நாட்டு மலையூரும் மாட்டுத் தொழுவமுமே எவர் நினைவிலும் எழும். அப்பெயர் தாங்கிய மற்றோர் ஊர் ஐக்கிய அமெரிக்காவிலே, பென்சில்வேனியா மாநிலத்தில், லீஹாய் ஆற்றங்கரையில் இருக்கின்றது. நியூயோர்க் நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 80 மைல் தூரம். உருக்கினாலும் இனிப்பினாலும் பெயர் பெற்ற ஊர் அது. உருக்குத் தொழில் மறைந்துவிட்டது. இனிப்போ இன்றும் நிலைத்திருக்கின்றது.

சித்திரை விடுமுறையை ஒட்டி, அவ்வூரில் வாழும் உறவினர் இல்லத்திலே சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. கிறித்தவர்கள் உயிர்த்த ஞாயிறு எனப் போற்றும் ஈஸ்டர் திருநாள் அண்மித்த காலம். பனி கரைந்து, வீட்டு முற்றங்களிலே மஞ்சள் நிற நார்சிசப் பூக்கள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. மரங்களில் இலை இன்னும் வரவில்லை. ஆயினும் ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் வசந்தம் முந்திக்கொண்டு வந்துவிட்டதென்றே சொல்லவேண்டும்.

அடைக்கலம் தேடியோர் அமைத்த ஊர்

இவ்வூரை அமைத்தவர்கள் மொரேவியர் எனப்படும் கிறித்தவ சபையினர். 1415இல் தீயிலிட்டுக் கொல்லப்பட்ட பொகீமிய நாட்டுச் சீர்திருத்தவாதியாகிய யான் ஹஸ் என்பாரின் வழிவந்தோர் இவர்கள். பிறந்த மண்ணிலே துன்புறுத்தப்பட்டு, 1722இல் ஜேர்மனியின் சக்சனிப் பகுதியிலே சின்சன்டோர்ப் பிரபுவின் நிலத்தில் அடைக்கலம் புகுந்தனர். அங்கிருந்து உலகின் பல திக்குகளுக்கும் சென்றனர். 1760இல் சோழநாட்டுக் கரையிலுள்ள தரங்கம்பாடியிலும் அவர்களுள் ஒரு சாரார் குடியேறி வாழ்ந்தனர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

அமெரிக்காவுக்குச் சென்றோர் 1741ஆம் ஆண்டு நத்தார் முன்னிரவிலே தமது புதிய குடியிருப்புக்குப் பெத்லகேம் எனப் பெயரிட்டனர். அவ்வாண்டிலே மரக்குற்றிகளால் எழுப்பத் தொடங்கிய பொதுமனை இன்றும் நிற்கின்றது. ஊருக்கு நீர் இறைத்து வழங்கிய 1762ஆம் ஆண்டுக் கற்கட்டடத்தையும், 1806இல் நிறைவெய்திய பெரிய ஆலயத்தையும் கண்டோம். 2024ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் இக்குடியிருப்பை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஆற்றின் மறுகரைக் காட்சி வேறு. அங்கே ஐந்து ஊதுலைகள், துருவேறிய கோபுரங்கள் போல வரிசையாக நிற்கின்றன. சான் பிரான்சிஸ்கோ நகரின் புகழ்பெற்ற கோல்டன் கேட் பாலத்துக்கு உருக்கு வழங்கியது இவ்வாலையே. ஒரு காலத்தில் அந்நாட்டின் உருக்கு உற்பத்தியில் இரண்டாம் இடத்தை வகித்த தொழிற்சாலை அது. 1995ஆம் ஆண்டு நவம்பரில் உலைகள் அணைந்தன. இன்று அவற்றின் அடியிலே இசையரங்கும் கலைக்கூடமும் நடைபெறுகின்றன. வேலை இழந்த குடும்பங்களின் கதைகள் மட்டும் வீடுகளுக்குள்ளே உலவுகின்றன.

முட்டை வந்த வழி

ஈஸ்டர் திருநாளுக்கு நிலையான திகதி இல்லை. மார்ச் 21ஆந் திகதியன்றோ அதன் பின்னரோ வரும் பூரணையை அடுத்த ஞாயிறே அத்திருநாள். நமது பங்குனி உத்தரமும் பல ஆண்டுகளில் அப்பூரணையை ஒட்டியே வருகின்றது. வானத்து மதியை நோக்கி விழா வகுக்கும் வழக்கம் எல்லா மாந்தர்க்கும் பொது போலும்.

திருநாளுக்கு முன் நாற்பது நாள் நோன்பு. பண்டைக் காலத்தில் ஐரோப்பியக் கிறித்தவர் அந்நாட்களில் இறைச்சியோடு முட்டையையும் விலக்கினர். விரதம் மனிதருக்கேயன்றிக் கோழிக்கு இல்லையே. ஆதலால் வீடுகளில் முட்டைகள் குவிந்தன. விரதம் முடிந்த நாளிலே அவற்றுக்குச் சாயமிட்டுப் பிள்ளைகளுக்கும் அயலார்க்கும் வழங்கினர். ஓட்டை உடைத்துக்கொண்டு உயிர் வெளிவருவதனால், கல்லறை திறந்து கிறித்து உயிர்த்தெழுந்ததற்கு முட்டை அடையாளமாயிற்று.

முயல் ஒன்று முட்டை கொணரும் என்ற வேடிக்கைக் கதை ஜேர்மனியருடையது. அதனைப் பற்றி ஜேர்மானிய மருத்துவர் ஒருவர் 1682இலேயே எழுதியிருக்கின்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜேர்மனியர் அக்கதையையும் உடன்கொண்டு சென்றனர். பிள்ளைகள் தம் தொப்பியைக் கூடாக்கி வைத்துவிட்டு உறங்குவர். விடியும்போது அதனுள் வண்ண முட்டைகள் இருக்கும். வெங்காயத் தோலிட்டு அவித்துச் செந்நிறமாக்கிய முட்டை ஓட்டிலே ஊசியாற் கீறிப் பூவும் பறவையும் வரைவது அம்மக்களின் கைவண்ணம்.

சீனி மலிந்த கதை

கோழி முட்டை எவர்க்கும் எட்டும் பொருள். சீனி அவ்வாறன்று. ஒரு காலத்திலே சீனியாற் சிற்பம் சமைத்து விருந்து மேசையில் வைப்பது ஐரோப்பிய மன்னரும் பிரபுக்களுமே செய்யக்கூடிய ஆடம்பரமாயிருந்தது. ஆங்கிலேயர் இனிப்பைக் குறிக்க வழங்கும் ‘கண்டி’ என்ற சொல், வடமொழிக் ‘கண்ட’ என்பதிலிருந்து அரபு வழியாக அங்கு சென்றது என்பர் மொழிநூலார். நமது கற்கண்டிலும் அச்சொல்லே ஒலிக்கின்றது.

சாதாரண வீட்டுக்குச் சீனி வந்து சேர்ந்த வழி இனிய வழியன்று. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் சிந்திய வியர்வையும் குருதியும் அதில் உண்டு. மொரேவிய சபையார் 1732இல் சென். தோமஸ் தீவுக்குச் சென்று அவ்வடிமைகளிடையே சமயப்பணி தொடங்கினர். ஆயினும் அப்பணி நிலையமே அடிமைகளைக் கொண்ட தோட்டம் ஒன்றையும் உடைமையாக வைத்திருந்தது. பிரித்தானியப் பேரரசிலே 1834இல் அடிமைமுறை ஒழிந்தபின், மொரீசியஸ், நேற்றால், பிஜி முதலிய இடங்களின் கரும்புக் காடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டோருள் தமிழரும் பல்லாயிரவர். பிஜித் தீவிலே துயருற்ற நம் பெண்களை நினைந்து பாரதியார் பாடியதை நாம் அறிவோம். ஆகவே வெண்சீனியைக் கையில் எடுக்குந்தோறும் இவற்றையும் நினைத்தல் நமக்குத் தகும்.

1747இல் மர்கிராப் என்ற ஜேர்மானிய இரசாயன அறிஞர் பீற்றூட் கிழங்கிலும் சீனி உண்டெனக் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கிழங்குச் சீனியும் பெருகியதனால் விலை சரிந்தது. பிரபுக்களின் ஆடம்பரம் தாய்மாரின் கைத்தொழிலாயிற்று. அக்காலத்தில் துளைவழியே கண்வைத்துப் பார்க்கும் காட்சிப் பெட்டிகள் மேனாடுகளில் பெருவழக்காயிருந்தன. நம் கோயில் திருவிழாக்களிலும் சிறுவர்கள் அத்தகைய படப்பெட்டியைச் சூழ்ந்து நின்றதுண்டு. அப்பெட்டியின் வேலையைச் சீனி முட்டை செய்கின்றது: உள்ளே குடைந்து, ஒரு முனையிற் சாளரம் வைத்து, அகத்தே ஒரு சிற்றுலகைப் படைத்துவிடுகின்றனர்.

மூதாட்டியாரின் அடுக்களையில்

எமது உறவினரின் அயல்வீட்டிலே எழுபத்தைந்து வயது நிரம்பிய மூதாட்டியார் ஒருவர் வாழ்கின்றார். அவர் கணவர் ஊதுலையில் வேலை பார்த்தவர். இப்பொழுது உயிருடன் இல்லை. திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு ஒன்பது வயதுப் பேர்த்தியொருத்தி அவரிடம் வந்து தங்கியிருந்தாள். அவளுக்குச் சீனி முட்டை செய்யப் பழக்குவதாகவும், விரும்பினால் நாமும் வந்து பார்க்கலாம் எனவும் மூதாட்டியார் அழைத்தார். நாம் மூன்று நாட்கள் சென்று பார்த்தோம்.

முதல்நாள், இரண்டு கோப்பை சீனியை ஒரு கிண்ணத்திற் கொட்டி, நான்கு தேக்கரண்டி தண்ணீர் தெளித்தார். தண்ணீரிலே ஒரு துளி மஞ்சள் வண்ணம் கலந்திருந்தது. கரண்டியை விலக்கிவிட்டு விரல்களாலேயே பிசைந்தார். “கடற்கரையில் ஈரமணல் வீடு கட்டியிருக்கிறாயா? அந்தப் பதம் வரவேண்டும்” என்று பேர்த்தியிடம் கூறினார். ஒரு பிடி எடுத்து இறுக்கித் திறந்தபோது, உள்ளங்கை ரேகையுடன் சீனி உருண்டையாக நின்றது. அதுவே பதம். நீர் குறைந்தால் உதிரும். மிஞ்சினால் அச்சை விட்டு வராது.

அச்சு எது தெரியுமா? 1970களில் அந்நாட்டுக் கடைகளிலே பெண்களின் காலுறைகள் முட்டை வடிவான பிளாஸ்திக்குச் சிமிழ்களில் அடைத்து விற்கப்பட்டன. அச்சிமிழின் இரு பாதிகளையே மூதாட்டியார் அன்றுதொட்டு அச்சாக வைத்திருக்கின்றார். விலை கொடுத்து வாங்கும் அச்சுகளும் கடைகளில் உண்டு. “இது தேய்ந்தபின் வாங்கலாமென்று ஐம்பது வருடமாகக் காத்திருக்கிறேன், தேய்வதாக இல்லை” என்றார். வீண்செலவு விரும்பாத நம்மூர்ப் பாட்டிமாரே எம் நினைவுக்கு வந்தனர்.

ஈரச்சீனியை இரு பாதிகளிலும் அழுத்தி நிரப்பி, மேற்பரப்பைக் கத்தியால் மட்டஞ்செய்தார். ஒரு மட்டையை மேலே வைத்துக் கவிழ்த்து அச்சை மெல்லத் தூக்க, பாதி முட்டை வழுவழுப்பாக அமர்ந்திருந்தது. கூரிய முனையிலே ஒரு சிறு துண்டைக் கத்தியால் வெட்டி நீக்கினார். சாளரம் அமையவேண்டிய இடம் அது. இரண்டு மணி நேரம் சென்றபின் வெளிப்புறம் இறுகியிருந்தது. உட்புறம் ஈரமாகவே இருந்தது. பாதி முட்டையை உள்ளங்கையில் மல்லாத்தி வைத்து, கரண்டியால் உட்சீனியைச் சுரண்டி எடுத்தார். கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட கனத்திலே ஓடு மட்டும் எஞ்சியது. சுரண்டிய சீனி வீணாகவில்லை. அடுத்த முட்டைக்குச் சென்றது. பின்பு ஓர் இராப்பொழுது காயவிட்டார்.

கருநாடகத்திலே மகரசங்கிராந்திக்கு மர அச்சுகளில் சீனிப்பாகை ஊற்றி யானையும் பறவையும் செய்கின்றனர். தமிழகத்துத் திருமணச் சீர்வரிசையிலும் சீனிப் பொம்மைகள் வைப்பதுண்டு. அங்கே காய்ச்சிய பாகு. இங்கே காய்ச்சாத ஈரச்சீனி. பிள்ளைகளின் கண் விரிவது மட்டும் எங்கும் ஒன்றே.

இரண்டாம்நாள் ஐசிங் பூச்சு. ஒரு முட்டையின் வெண்கருவுக்கு அரை இறாத்தல் ஐசிங் சீனியும் சில துளி தேசிக்காய்ச் சாறும் சேர்த்து, முனை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்தார். காற்றுப்பட்டால் இறுகிவிடுமாதலால் கிண்ணத்தை ஈரத்துணியால் மூடினார். பின்பு கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி, அதனுள் பூச்சை நிரப்பி, நுனியை வெட்டிப் பேர்த்தியின் கையிற் கொடுத்தார். அச்சிறுமியின் முதற்பூ வெறும் பொட்டாக வீழ்ந்தது. பதினைந்தாவது பூவுக்கு இதழ் வந்தது. மூதாட்டியார் ஒன்றையும் திருத்தவில்லை; அருகிலிருந்து தம் பூக்களை இட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கு அதுவே ஒரு பாடம்.

கீழ்ப்பாதிக்குள் புல்தரை வேண்டும். அதற்குப் பச்சை வண்ணமூட்டிய உலர் தேங்காய்த் துருவல்! உலகச் சந்தைக்கு அத்துருவலை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் எமது இலங்கையும் ஒன்றென்று சொன்னபோது, இருவரும் வியந்து எம்மை நோக்கினர். குருநாகல், சிலாபம் பக்கத்துத் தென்னைகள் எங்கெங்கோ வசந்தப் புல்லாக முளைக்கின்றன என எண்ணி மகிழ்ந்தோம்.

புல்லின்மேலே ஒரு முயல், இரண்டு கோழிக்குஞ்சு, ஒரு சிறிய கோயில். எல்லாம் முதல்நாளே பூச்சினாற் செய்து காயவைத்தவை. மூன்றாம்நாள் மேற்பாதியைப் பொருத்தி, பொருத்திய கோட்டை அலைஅலையான பூச்சினால் மறைத்தார். சாளரத்தைச் சுற்றியும் பூமாலை வளைந்தது. சிறுமி ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் உள்ளே பார்த்தாள். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எமக்கும் ஒரு முட்டை அளிக்க மூதாட்டியார் விரும்பினார். நாம் சைவ உணவினரென்றும், பூச்சில் வெண்கரு சேர்ந்திருக்கின்றதென்றும் தயங்கியபோது அவர் சிரித்தார். “இதை யாரும் தின்பதில்லை. பார்ப்பதற்கே செய்கிறோம்” என்றார்.

அவ்வாறு பார்ப்பதற்கென வைத்திருந்தவற்றைப் பின்பு காட்டினார். கண்ணாடி அலுமாரியிலே, பஞ்சுப் படுக்கையில், பல ஆண்டு முட்டைகள் இருந்தன. ஈரம் படாது காத்தால் சீனி முட்டை நெடுங்காலம் கெடாது. நம் நாட்டிலானால் எறும்புக்கும் மாரிக்கும் தப்பவேண்டும். அவற்றுள் ஒன்று பழுத்து மங்கிய மஞ்சளாயிருந்தது. அடியிலே 1996 என எழுதியிருந்தது. உலைகள் அணைந்ததை அடுத்து வந்த ஈஸ்டர் அது. கணவருக்கு வேலை இல்லை. கடைசி மகளுக்கு வயது பன்னிரண்டு. புத்தாடையும் பரிசும் வாங்கும் நிலை இல்லை. வீட்டிற் சீனி இருந்தது. கணவனும் மனைவியுமாக ஐந்து நாள் இருந்து அதனைச் செய்தார்களாம். உருக்குக் குழம்பைக் கண்காணித்த அந்த மனிதர், உள்ளே வைப்பதற்கு ஊசிமுனை அளவிலே பூக்கள் இட்டாராம். அம்மகளின் மகளே இப்பொழுது பழகவந்த சிறுமி.

ஆறு நிமிடக் குஞ்சு

அதே ஊரிலே, சீனிப் பண்டத்துக்குப் பெயர்போன பெரும் ஆலையொன்றும் இருக்கின்றது. ருஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதராகிய சாம் போர்ன் என்பார் 1923இல் நியூயோர்க்கில் தொடங்கி, 1932இல் பெத்லகேமுக்குக் கொண்டுவந்த ஜஸ்ட் போர்ன் நிறுவனம் அது. கிறித்தவர் திருநாளுக்கு யூதர் ஒருவரின் ஆலை இனிப்பு வழங்குகின்றது. நல்லூர்த் திருவிழாக் கடைத்தெருவைக் கண்டவர்க்கு இது வியப்பாயிராது.

1953இல் இந்நிறுவனம் லங்காஸ்டர் நகரின் ரொடா இனிப்பு நிறுவனத்தை வாங்கியது. அங்கே மாஷ்மலோ என்னும் மெதுமிட்டாயைப் பெண்கள் பூச்சுக்குழாய் வழியாகக் கையாற் பிதுக்கிக் கோழிக்குஞ்சு வடிவிற் செய்துகொண்டிருந்தனர். ஒரு குஞ்சு முற்றுப்பெற 27 மணி நேரம் சென்றதாம். பின்பு சாம் போர்னின் மகன் அதற்கெனப் பொறி அமைத்தார். இப்பொழுது ஆறே நிமிடம். பீப்ஸ் என்னும் பெயரில் மஞ்சளும் ஊதாவுமாக அக்குஞ்சுகள் ஈஸ்டர் காலத்திலே கடைதோறும் அடுக்கப்பட்டிருக்கின்றன.

பொறியைப் பழிப்பது எமது நோக்கமன்று. செல்வரின் பிள்ளைக்கும் வறியவரின் பிள்ளைக்கும் ஒரே இனிப்பைச் சில காசுக்கு எட்டச் செய்தது பொறியே. அச்சிறுமியின் மடியிலும் ஒரு பீப்ஸ் பெட்டி இருந்தது; அதனைத் தின்றுகொண்டேதான் அவள் பூ இட்டாள். ஆனால் பெட்டி அரைமணி நேரத்தில் ஒழிந்தது. மூன்று நாள் பாட்டியின் அருகிலிருந்து செய்த முட்டையை அவள் தன் பிள்ளைக்குக் காட்டக்கூடும். மிச்சமான 26 மணி நேரத்தையும் சொச்சத்தையும் எவர்க்காகச் செலவிடுகின்றோம் என்பதே கேள்வி.

கடவுளின் வயலில் விடியல்

திருநாளன்று விடியற்கு நெடுநேரம் முன்பே குழலிசை எம்மை எழுப்பியது. 1754 முதல் இவ்வூரிலே நிலவும் துரொம்போன் குழலிசைக் குழுவினர், இருளில் ஊரைச் சுற்றி இசைத்து மக்களைத் துயிலெழுப்புவர். திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே வரும் அடியார் கூட்டமே எம் நெஞ்சில் தோன்றியது.

ஆலயத்திலே வழிபாடு தொடங்கி, மக்கள் ஊர்வலமாகப் பழைய இடுகாட்டை அடைந்தனர். அதற்குக் ‘கடவுளின் வயல்’ என்பது பெயர். அங்கே உயர்ந்து நிற்கும் கல்லறை ஒன்றுமில்லை. கற்கள் யாவும் நிலத்தோடு படிந்து ஒரே அளவாகக் கிடக்கின்றன. குடும்பவாரியாகப் புதைக்காமல், ஆடவர், பெண்டிர், சிறுவர் என்ற பிரிவுப்படியே புதைத்தனர். அம்மண்ணின் பழங்குடியினரும் ஆபிரிக்கரும் அதே வரிசைகளிற் கிடக்கின்றனர். சிறுவர் பகுதியிலுள்ள கற்களை ஒட்டி நாம் நின்றபொழுது கிழக்கு வெளுத்தது.

அவ்வேளை எம் உள்ளம் தாய்நாட்டுக்கே சென்றது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, இதே திருநாட் காலையிலே, கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும், கொழும்பு விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மட்டக்களப்பிலே ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். அந்த வீடுகளிலும் அன்று காலை பிள்ளைகளுக்கென ஏதாவது இனிப்பு எடுத்து வைத்திருப்பார்கள். அதற்குமேல் எண்ண இயலவில்லை. கதிரவன் எழ, குழல்கள் முழங்கின. அருகில் நின்ற மூதாட்டியார் பேர்த்தியின் கையைப் பற்றியிருந்தார்.

நம் வீடுகளிலும் சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் பயற்றம் பணியாரமும் முறுக்கும் கடையிலிருந்து பொதியாக வரத் தொடங்கிவிட்டன. நேரமில்லை என்கின்றோம், அதுவும் உண்மையே. ஆண்டு முழுவதும் முடியாவிடினும் ஆண்டில் ஒரு நாள், ஒரேயொரு பலகாரத்தையேனும் பிள்ளைகளையும் அருகிருத்தி வீட்டிலே செய்யலாம். முறுக்கு கோணலாகட்டும், பணியாரம் உடையட்டும். அம்மா எத்தனை சுண்டு மா எடுத்தார், பாட்டி பாகின் பதத்தை எவ்வாறு பார்த்தார் என்பதைப் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். பின்னொருநாள் கைவிரித்து நிற்கும் காலம் வந்தாலும், வீட்டிலுள்ள சிறிது சீனியைக்கொண்டு திருநாளை நடத்திவிட அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.